வாக்கும் வாக்கும்: டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரின் சட்டமன்றப் பணி

தமிழில் வாக்கு என்னும் சொல் இரு பொருள் தருவது. வாயால் கொடுக்கும் உறுதிமொழியும் வாக்கு. மன்றத்தில் ஒரு பொருளின்மேல் அளிக்கும் ஒப்புதலும் வாக்கு. ஒரே சொல்லுக்குள் இவ்விரண்டையும் அடக்கிய மொழி, பொதுவாழ்வில் நிற்பவர்க்கு ஓர் அளவுகோலையும் சேர்த்தே தந்திருக்கிறது. மேடையில் சொன்னதும் மன்றத்தில் செய்ததும் ஒன்றாக இருந்தனவா? வெளியே ஒலித்த வாக்கும் உள்ளே அளித்த வாக்கும் பொருந்தினவா? சட்டமன்ற உறுப்பினர் எவரையும் இந்தக் கோலால் அளக்கலாம்.

இந்த அளவுக்குத் தாமே முன்வந்து நின்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அவர் இருந்த காலம் நான்கு ஆண்டுகளுக்கும் குறைவு. அவருக்குத் தொகுதி இல்லை. ஆளுநரால் நியமிக்கப்பட்டவர் ஆதலின், கணக்குக் கேட்கும் வாக்காளர் எவரும் அவருக்கு இல்லை. ஆயினும் தாம் மன்றத்தில் என்ன கேட்டார், என்ன முன்மொழிந்தார், எது நிறைவேறியது, எது நின்றுபோயிற்று என்பதையெல்லாம் சட்டமன்ற அனுபவங்கள் பற்றிய ஒரு நூலாக 1930இல் அச்சிட்டு மக்கள்முன் வைத்தார். கேட்பார் இல்லாத இடத்தில் கணக்கை ஒப்புவித்த அச்செயலே அவருடைய பொதுவாழ்வுக்குத் திறவுகோல் எனலாம்.

புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்கு

முத்துலட்சுமி அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராக விளங்கியவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். கல்வியும் கலையும் இவ்வாறு ஒரு கூரையின்கீழ் இருந்தும், ஊரார் பார்வையில் அக்குடும்பத்துக்கு உரிய இடம் கிட்டியதில்லை. பிற்காலத்தில் அம்மையார் எடுத்த முடிவுகள் பலவற்றின் வேர் இந்தப் பிள்ளைப் பருவத்தில் இருக்கிறது.

பெண் பருவமெய்தினால் பள்ளிப் படிப்பு நின்றுவிடும் காலம் அது. முத்துலட்சுமி வீட்டிலிருந்தே பயின்று மெட்ரிகுலேஷன் தேறினார். ஆண்கள் மட்டுமே படித்துவந்த மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவு தந்ததால் 1904இல் அவர் கல்லூரிக்குள் நுழைந்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்னும் உடன்பாட்டின் பேரிலேயே மணம் நிகழ்ந்தது. கணவர் அந்த உடன்பாட்டை வாழ்நாள் முழுதும் காத்தார் என்பதும் பதிவாக வேண்டிய செய்தியே.

மருத்துவத் தொழில் அவருக்குச் சமுதாயத்தின் உள்ளறைகளைக் காட்டியது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தாயாகும் சிறுமிகளை அவர் பிரசவப் படுக்கையில் கண்டார். சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இளங்கைம்பெண்கள் விடுதிக்கு மருத்துவராகச் சென்றபோது, குழந்தை மணத்தின் மறுபக்கத்தைக் கண்டார். 1925இல் மகளிர், குழந்தைகள் நோய்கள் பற்றிய மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். 1926இல் பாரிஸ் நகரில் கூடிய உலக மகளிர் வாக்குரிமை மாநாட்டில் இந்தியப் பெண்களின் சார்பில் கலந்துகொண்டார். நோய்க்கு மருந்து எழுதுவதோடு தம் கடமை முடிவதில்லை என்னும் எண்ணம் இந்த ஆண்டுகளில்தான் அவருள் உறுதிப்பட்டது.

மன்றத்தின் வாயில்

இந்தியாவில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்க முதலில் முன்வந்த மாகாணம் சென்னை. 1921இல் சட்டமன்றம் அதற்கான தீர்மானத்தை ஏற்றது. ஆனால் ஆண்களுக்கு விதித்த அதே சொத்துத் தகுதி பெண்களுக்கும் விதிக்கப்பட்டது. தம் பெயரில் சொத்து வைத்திருந்த பெண்கள் மிகச் சிலரே ஆதலின் வாக்களித்தோரும் சிலரே. பெண்கள் உறுப்பினராகலாம் என்னும் வழி 1926இல் திறந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாயா போட்டியிட்டுச் சிறு வித்தியாசத்தில் தோற்றார். 1917இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கம், பெண்களின் சார்பாக ஒருவரையாவது நியமிக்குமாறு அரசை வேண்டியது. அச்சங்கத்தின் பரிந்துரையில் முத்துலட்சுமி அம்மையார் உறுப்பினரானார். மருத்துவத் தொழிலை விட்டு விலக மனமின்றித் தயங்கியவர், தோழியரின் வற்புறுத்தலால் இசைந்தார்.

1927 தொடக்கத்தில் மன்றம் அவரைத் துணைத்தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. 130க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட அவையில் அவர் ஒருவரே பெண். ஒரு சட்டமன்றத்தின் துணைத்தலைவர் பொறுப்பில் உலகிலேயே முதன்முதலாக அமர்ந்த பெண் என்று அவர் போற்றப்படுகிறார்.

அந்நாளைய ஆட்சிமுறை இரட்டை ஆட்சி எனப்பட்டது. கல்வி, பொது நலவாழ்வு, உள்ளாட்சி போன்ற துறைகள் மன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் இருந்தன. நிலவருவாய், காவல், சட்டம் போன்றவை ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம் இருந்தன. டாக்டர் சுப்பராயன் தலைமையில் அமைச்சரவை நடைபெற்ற காலம் அது. நியமன உறுப்பினர் என்றால் அரசு சாய்ந்த பக்கம் சாய்பவர் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. அம்மையார் அந்த எதிர்பார்ப்புக்கு இடம் தரவில்லை. தமக்கென ஒரு தொகுதியை அவரே வகுத்துக்கொண்டார். வாக்குரிமை இல்லாத பெண்களும், வாக்களிக்கும் வயது வராத குழந்தைகளும் அத்தொகுதியின் மக்களாயினர்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்றார். ஏழைப் பெண் குழந்தைகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகையும், முஸ்லிம் மாணவியர்க்கு விடுதியும், ஒடுக்கப்பட்ட வகுப்பு மாணவியர்க்கு உதவித் தொகையும் கேட்டார். திருமண வயதைப் பெண்ணுக்கு 16 எனவும் ஆணுக்கு 21 எனவும் உயர்த்துமாறு இந்திய அரசைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானத்தை 1928இல் கொண்டுவந்தார். மறு ஆண்டு மத்திய சட்டமன்றத்தில் நிறைவேறிய சாரதா சட்டம் 14, 18 என்ற அளவிலேயே நின்றது. மருத்துவர் கேட்ட வயதுக்கும் அரசியல் தந்த வயதுக்கும் இடையே இருந்த தொலைவை இவ்வெண்களே உரைக்கும்.

அம்மையாரின் பதிவேட்டில் எல்லாமே தேசிய இயக்கத்தார் மெச்சியவை என்று சொல்ல இயலாது. சைமன் குழுவை நாடே புறக்கணித்தபோது, அதன் துணைக் குழுவாகக் கல்வியை ஆராய அமைந்த ஹார்டாக் குழுவில் அவர் உறுப்பினரானார். பெண் கல்வியின் நிலையை ஆவணமாக்க அது ஒரு வாய்ப்பு என்பது அவருடைய கணிப்பு. கொடியின் நிறம் பார்த்து அவர் வாக்கை முடிவு செய்ததில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

தீர்மானமும் சட்டமும்

கோயிலுக்குச் சிறுமியரைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அவர் தொடுத்த போராட்டமே அவர் பெயரை நிலைநிறுத்தியது. அதை அவர் நடத்திய முறை சட்டமன்றப் பணிக்கு ஒரு பாடமாகக் கொள்ளத்தக்கது.

1927 நவம்பரில் அவர் கொண்டுவந்தது ஒரு தீர்மானம். தீர்மானம் என்பது அரசுக்கு விடுக்கும் பரிந்துரை மட்டுமே. அதற்குக் கட்டுப்படுத்தும் வலிமை இல்லை. இளம் பெண்களைக் கோயில்களுக்கு அர்ப்பணிப்பதைத் தடுக்க விரைந்து சட்டம் இயற்ற வேண்டும் என்று அது கேட்டது. மன்றம் ஏற்றது. அரசோ தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகள் இருக்கின்றனவே என்று காட்டியது. சிறுமியரைத் தகாத தொழிலுக்கு விற்பதையும் வாங்குவதையும் அப்பிரிவுகள் குற்றமாக்கியிருந்தன. பொட்டுக்கட்டு ஒரு சமயச் சடங்காக நடைபெறும்போது, அதன் பின்னுள்ள நோக்கத்தை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது அரிது என்பது அம்மையாரின் மறுமொழி. தீர்மானம் ஏட்டில் உறங்கக்கூடும் என்று கண்டவர், அதைச் சட்ட முன்வடிவாக மாற்றினார்.

மன்றத்துக்கு வெளியேயும் அவர் ஓயவில்லை. செய்தித்தாள்களுக்கு எழுதினார். அவ்வழக்கம் ஏன் ஒழிய வேண்டும் என்பதை விளக்கிச் சிறு வெளியீடு கொணர்ந்தார். மாதர் சங்கக் கிளைகளிலும் சாதிச் சங்க மாநாடுகளிலும் பேசினார். இசை வேளாளர், செங்குந்தர் சங்கங்கள் பலவற்றின் ஆதரவு அவருக்குக் கிட்டியது. காந்தியடிகள் தம் இதழில் ஆதரித்தார். பெரியாரின் குடி அரசும் ஆதரித்தது. தேவதாசி மரபிலேயே பிறந்து அதை எதிர்த்து ஊர்தோறும் பேசிவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் குரல், கோட்டைக்கு வெளியே இதற்குத் துணைநின்றது. வெளியே திரட்டிய கருத்தை உள்ளே கொண்டுசென்று மன்றத்தின் முன் வைப்பதும், உள்ளே நடந்ததை வெளியே வந்து விளக்குவதும் அம்மையாரின் வழக்கமாயின. கூட்டத்துக்கு ஒரு பேச்சு, மன்றத்துக்கு ஒரு பேச்சு என்று அவரிடம் இரண்டு இருந்ததில்லை.

மானியம் பட்டாவானது

1929இல் நிறைவேறிய சட்டம், இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கு அவர் கொண்டுவந்த திருத்தமாகும். அதன் நுட்பம் நில மானியத்தில் இருந்தது. இளையரசனேந்தல் முதலிய ஜமீன் ஊர்களில் வாழ்ந்தோர்க்கு மானியம் என்றால் என்னவென்று விரித்துரைக்க வேண்டியதில்லை. ஊழியம் செய்யும்வரை நிலம். ஊழியம் நின்றால் நிலமும் போகும். கோயிலில் ஆடவும் பாடவும் விளக்கேந்தவும் கடமைப்பட்ட பெண்களுக்கும் இவ்வாறே மானியங்கள் இருந்தன. அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக்கட்டாவிட்டால் அந்த ஊழியத்துக்கு ஆள் இல்லை. ஆள் இல்லையேல் நிலமும் இல்லை. ஆகவே, மகளை விடுவிக்க விரும்பிய தாயும்கூட நிலத்தை எண்ணி அவளைக் கோயிலுக்கு விட்டாள். ஒரு குடும்பத்தின் சோறும் ஒரு சிறுமியின் எதிர்காலமும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருந்தன.

அம்மையார் அந்த முடிச்சை அவிழ்த்தார். சட்டத்தில் 44-ஏ என்னும் புதிய பிரிவு சேர்ந்தது. மானிய நிலத்துக்கு ஒரு தீர்வை விதித்து, ஊழியக் கடமையை நீக்கி, நிலத்தை அனுபவித்து வந்தவருக்கே உரிமையாக்குவது அதன் சாரம். பெண்ணை விடுவித்தல் வேண்டும், அவளைத் தெருவில் நிறுத்துதல் கூடாது என்னும் இரண்டு நோக்கமும் அதில் ஒருங்கே அமைந்தன. சீர்திருத்தம் பேசியோர் பலர் ஒழிப்பைப் பற்றியே பேசியபோது, ஒழித்தபின் அவர்கள் எதை உண்பார்கள் என்று கேட்டது இந்தச் சட்டம். ஊழியத்தையும் நிலத்தையும் பிரித்துக் குடியானவருக்குப் பட்டா தரும் இதே வழியைப் பல ஆண்டுகள் கழித்து, 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் பெரிய அளவில் மேற்கொண்டது.

எனினும் 1929ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டுவதைக் குற்றமாக்கவில்லை. மானியம் இல்லாத இடங்களில் வழக்கம் தொடரக்கூடும். மைசூர் சமஸ்தானம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே தன் கோயில்களில் இம்முறையை நிறுத்தியிருந்தது. ஆகவே 1930இல் அர்ப்பணிப்பையே தடுக்கும் இரண்டாவது முன்வடிவை அம்மையார் கொண்டுவந்தார். அது பொதுமக்கள் கருத்துக்காகச் சுற்றுக்கு விடப்பட்டது.

மறுத்த குரல்கள்

எதிர்ப்பு ஒரு திசையிலிருந்து மட்டும் வரவில்லை. மன்றத்துக்குள் தீரர் சத்தியமூர்த்தி மறுத்தார். நாவன்மையும் கலையுள்ளமும் ஒருங்கே வாய்த்த அவர், அந்நிய அரசின் சட்டம் கோயில் வழக்கங்களுக்குள் கைவைப்பதை ஏற்கவில்லை. கோயிலோடு பின்னிய கலை அழிந்துவிடும் என்னும் அச்சமும் அப்பக்கத்தாருக்கு இருந்தது.

மன்றத்துக்கு வெளியே மறுத்தவர்கள் தேவதாசிகளே. சென்னை மாகாணத் தேவதாசிகள் சங்கம் அரசுக்கு விண்ணப்பம் அளித்தது. அதில் முன்நின்றவர்களுள் பெங்களூர் நாகரத்தினம்மாளும் ஒருவர். முத்துப்பழனி என்னும் பெண் கவியின் தெலுங்குக் காவியத்தை 1910இல் முழுமையாகப் பதிப்பித்தவர். திருவையாற்றில் தியாகராசர் சமாதிக்குக் கோயில் எடுத்தவர். தங்கள் மரபு வேறு, விலைமகளிர் தொழில் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிச் சட்டம் செய்வது தங்களை இழிவுபடுத்தும் என்பது அவர்களுடைய வாதம். பெண்கள் சொத்துரிமை பெறவும், தத்தெடுக்கவும், எழுத்தறிவு பெறவும் தங்கள் மரபு இடம் தந்திருந்ததையும் சுட்டினர். தங்களுக்குத் தேவை கல்வியே, தடைச் சட்டமன்று என்றனர்.

அம்மையார் அந்த வாதத்தை ஏற்கவில்லை. நோயாளிகளாகத் தம்மிடம் வந்த பெண்களின் நிலையை அவர் அறிவார். தம் தாயாரின் குடும்பம் பட்ட சிறுமையையும் அவர் அறிவார். பத்து வயதுச் சிறுமி தன் விருப்பத்தால் பொட்டுக்கட்டிக்கொள்கிறாள் என்று சொல்ல முடியாது என்பதே அவருடைய நிலை. மருத்துவரின் கண்ணுக்கு அது மறுக்கவொண்ணாத உண்மை. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எந்தப் பெண்களைப் பற்றி மன்றம் விவாதித்ததோ அவர்களுள் ஒருவரும் மன்றத்தில் இல்லை. அவர்களுடைய விண்ணப்பத்தைப் படித்து மறுக்கலாம். அவர்கள் எழுந்து மறுமொழி சொல்ல இடமில்லை. பிரதிநிதி எவ்வளவு தூயவராயினும், அவர் வாக்கில் அடங்காத குரல்கள் எஞ்சுகின்றன. அம்மையாரின் வாக்கு நேர்மையானது. அது தீர்த்துவைத்த வழக்கு நேர்மையாளர் இரு பக்கமும் நின்ற வழக்கு.

துறந்த இருக்கை

1930 மே மாதம் காந்தியடிகள் உப்புச் சத்தியாகிரகத்தின்போது சிறைப்பட்டார். முத்துலட்சுமி அம்மையார் உறுப்பினர் பதவியையும் துணைத்தலைவர் பதவியையும் துறந்தார். ஆளுநர் அளித்த இருக்கையை, ஆளுநரின் அரசு காந்தியடிகளைச் சிறையிட்டபோது வைத்துக்கொண்டிருப்பது அவருக்கு ஒவ்வவில்லை.

இந்தத் துறவின் விலை சிறிதன்று. இரண்டாவது முன்வடிவு அப்போது நடுவழியில் நின்றது. அவர் இருக்கையில் தொடர்ந்திருந்தால் அது நிறைவேறியிருக்குமா என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அவர் விலகியபின் அதைத் தாங்கிப் பிடிப்பார் இன்றி அது காலாவதியாயிற்று என்பது வரலாறு. பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல்தான், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது நிறைவேறியது. இடையில் 17 ஆண்டுகள் கழிந்தன. கொள்கைக்காகப் பதவியைத் துறப்பது பெருமை தரும் செயல்தான். அந்தப் பெருமையின் செலவில் ஒரு பகுதியை முகமறியாத சிறுமியர் சிலர் ஏற்க நேர்ந்தது என்பதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும். அதை அறியாதவர் அல்லர் அம்மையார். ஆதலினாலேயே பதவி போனபின்னும் அந்தக் கோரிக்கையை அவர் விடவில்லை. மகளிர் இதழான ஸ்திரீ தர்மத்தின் ஆசிரியப் பொறுப்பேற்று 1930களில் எழுதிவந்தார்.

ஔவையின் பெயரால்

சட்டம் எட்டாத இடத்தில் வீட்டுக் கதவைத் திறந்தார். பொட்டுக்கட்டுக்குத் தப்பிவந்த சிறுமியரைச் சேர்த்துக்கொள்ளச் சென்னையின் விடுதிகள் தயங்கின. அவர்களைத் தம் இல்லத்திலேயே ஏற்றார். 1930இல் இவ்வாறு தோன்றியதே ஔவை இல்லம். மணவாழ்வைத் துறந்து, தமிழையே துணையாக்கி, அரசவையிலும் குடிசையிலும் ஒரே மதிப்போடு உலவிய புலவரின் பெயரை அச்சிறுமியர் இல்லத்துக்கு இட்டது தமிழ் நெஞ்சங்களுக்கு நிறைவு தருவது. பெண்ணுக்கு மனைவி என்றும் கணிகை என்றும் இரண்டே இடம் வகுத்திருந்த ஊருக்கு, மூன்றாவது இடம் ஒன்று முன்பே இருந்தது என அப்பெயர் நினைவூட்டியது.

கலையைப் பற்றிய வழக்கும் இதே காலத்தில் மூண்டது. 1932இல் சதிர் நிகழ்ச்சிகளுக்கு எதிராக அம்மையார் பத்திரிகைகளில் எழுதினார். வழக்குரைஞரும் நடனக் கலைஞருமான ஈ. கிருஷ்ண ஐயர் மறுத்து எழுதினார். சென்னை மியூசிக் அகாதெமி நடனத்துக்கு ஆதரவாக நின்றது. 1935இல் ருக்மிணி தேவி அடையாற்றில் ஆடினார். பரதநாட்டியம் என்னும் புதிய பெயரோடு கலை பிழைத்தது. ஆனால் அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த பெண்களுள் பலர் மேடையிலிருந்து மறைந்தனர். பாலசரஸ்வதி போன்ற சிலரே மரபின் தொடர்ச்சியாக நின்றனர். பதங்களின் பொருளை அபிநயத்தால் விரித்த எத்தனையோ பெண்களின் நுண்கலை, அவர்களோடு முடிந்தது. கவிதையைப் போற்றுவோர் இந்த இழப்பை எண்ணாமல் கடக்க முடியாது. அதற்காக ஒரு சிறுமியின் கழுத்தில் மீண்டும் பொட்டைக் கட்டச் சொல்லவும் முடியாது. அம்மையாரின் வாழ்க்கையை எழுதுவோர் இவ்விரண்டு முடியாமைகளுக்கும் நடுவில் நின்றே எழுத வேண்டியிருக்கிறது.

பிற்காலம்

1933இல் இந்திய அரசியல் சீர்திருத்தம் பற்றி ஆராய்ந்த பாராளுமன்றக் கூட்டுக் குழுவின்முன் சாட்சியம் அளிக்க இலண்டன் சென்றார். பெண்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டாம், வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வேண்டும் என்பது மாதர் அமைப்புகளின் கோரிக்கை. நியமனத்தால் மன்றம் புகுந்த ஒருவர், அடுத்த தலைமுறைப் பெண்கள் தேர்தலால் புக வேண்டும் என்று வாதிட்டது எண்ணத்தக்கது. அந்தப் பொது வாக்குரிமை இந்தியக் குடியரசின் அரசியலமைப்பினால் வந்தது. சொத்தோ எழுத்தறிவோ இல்லாத பெண்ணும் 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் வாக்களித்தாள்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பலி கொடுத்த துயரம் அவர் நெஞ்சில் ஆறாதிருந்தது. அந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பல்லாண்டு முயன்றார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. 1956இல் பத்மபூஷண் விருது அவரைத் தேடிவந்தது. 1968 ஜூலை 22ஆம் நாள் தம் 81ஆம் வயதில் மறைந்தார். ஏழைத் தாய்மார்க்கான தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. குழந்தை மணத்தின் கொடுமையைப் பிரசவ அறையில் கண்டவரின் பெயர் கருவுற்ற பெண்களுக்கான திட்டத்துக்கு வாய்த்தது பொருத்தமே.

வாக்கின் கணக்கு

அம்மையார் இருந்த மன்றத்தில் கோரினால் பிரிவு வாக்கெடுப்பு நடக்கும். ஆதரித்தோர், எதிர்த்தோர் பெயர்கள் நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகும். பிற்காலச் சட்டமன்றங்களில் பெரும்பாலான பொருள்கள் குரல் வாக்கெடுப்பிலேயே முடிகின்றன. ஆம் என்போர் ஆம் என்க, இல்லை என்போர் இல்லை என்க என்று தலைவர் கேட்பார். ஒலியின் அளவே முடிவாகும். இன்னார் எப்பக்கம் நின்றார் என்பது ஏட்டில் ஏறாது. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டமோ, கொறடாவின் ஆணையை மீறி வாக்களிப்பவர் இருக்கையையே இழக்கலாம் என்று ஆக்கியது. கட்சி மாறிப் பணம் பார்ப்பதைத் தடுக்க அது தேவைப்பட்டது. கூடவே, தனி உறுப்பினர் ஒருவரின் மனச்சான்று வாக்காக வெளிப்படும் வழியும் குறுகியது. ஆகவே உறுப்பினர்களின் பேச்சும் அறிக்கையும் சுவரொட்டியும் மக்களை எட்டும் அளவுக்கு, அவர்களின் வாக்கு எட்டுவதில்லை.

சங்கரன்கோவில் வட்டாரக் கரிசல் ஊர்களில், பொங்கல் தோறும் புத்தாண்டு தோறும் உறுப்பினர்களின் வாழ்த்து வந்து சேரும். நிலத்துக்கு, நீருக்கு, பள்ளிக்கு, மருத்துவமனைக்கு மன்றத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்ற கணக்கு தானாக வந்து சேராது, கேட்டால்தான் வரும். கேட்பதற்கு முன்னோடி உண்டு. வாக்காளரே இல்லாத ஓர் உறுப்பினர், நிறைவேறியதையும் நிறைவேறாததையும் ஒருசேர அச்சிட்டு 1930இல் வைத்துவிட்டுப் போன நூல் அது. வென்றதை மட்டும் எழுதியிருந்தால் அது விளம்பரம் ஆகியிருக்கும். கேட்டுக் கிடைக்காதவற்றையும் எழுதியதால் அது கணக்கு ஆயிற்று.

சொல்லைத் தொழிலாகக் கொண்ட கவிஞர்களுக்கும் இது அயலான செய்தியன்று. எழுதிய வரிக்கு எழுதியவன் பொறுப்பு என்பதே கவிதையின் முதல் அறம். அந்த அறத்தை ஒரு மருத்துவர் சட்டமன்றத்துக்குள் கொண்டுசென்றார். அவர் முடிவுகளோடு மாறுபடலாம். அவர் செவிசாய்க்காத குரல்களுக்காக வழக்காடலாம். அவ்வாறு வழக்காடத் தேவையான சான்றுகளையும் தம் கையாலேயே விட்டுச்சென்றார் என்பதுதான் டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரின் பெருமை.